நகர மழைநீர் ஓட்டமும் வெள்ள அபாயமும்: பள்ளிக்கரணை வடிநிலத்துக்கு மாதிரி அமைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாம்பரம் பக்கத்து மேட்டிலிருந்து வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் வரை தென்சென்னையில் பெய்யும் மழையில் பெரும்பங்கு கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். சுமார் 250 சதுர கி.மீ. பரப்பின் நீர் அது. சதுப்பிலிருந்து அது வெளியேற ஒக்கியம் மடுவுதான் முக்கிய வாசல். மடுவைத் தாண்டினால் பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு தெற்கே பத்து கி.மீ.க்கு மேல் நகர்ந்து முட்டுக்காடு முகத்துவாரம், அதன் பின் கடல். 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்தச் சதுப்பையும் அதைச் சுற்றிய நகரையும் உதாரணமாக வைத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மாதிரி என்பது மழைநீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று கணினியில் போடும் கணக்கு. பொறியியல் மாணவர்கள், ஆலோசனை நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கணக்குப் பார்க்கத் துணிந்த குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோருக்கு இவை உதவும்.

மாதிரியை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கீழிருந்து. வெளிவாயில், அதாவது வடிகால் நீர் கடைசியில் போய் விழும் இடத்தில், நீர்மட்டம் என்ன என்று தெரியாமல் மேலே உள்ள எந்த வடிகாலைப் பற்றியும் பேச முடியாது. பெரும்பாலோர் மழையில் தொடங்கி, வடிகால் அளவுக்கு வந்து, வெளிவாயைக் கடைசி நிமிடத்தில் ஒட்டவைக்கிறார்கள். சரிவுள்ள ஊரில் இது பெரிய கேடு செய்யாது. பள்ளிக்கரணையில் விடையே மாறிவிடும்.

ஒரு கணக்கு. 2 கி.மீ. நீள வடிகால். மேல்முனையில் தெருமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 2.5 மீ. சதுப்பில் நீர்மட்டம் 0.5 மீ. என்றால், நீரைத் தள்ளுவதற்கு 2 மீ. வீழ்ச்சி இருக்கிறது. மூன்று நாள் மழையில் சதுப்பு 2.0 மீட்டருக்கு ஏறினால் மிஞ்சுவது 0.5 மீ. ஓட்டம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வீழ்ச்சி கால் பங்கானால் ஓட்டம் பாதியாகும். வடிகாலில் ஒரு செங்கல்கூட மாறவில்லை, ஆனாலும் அதன் திறன் பாதி போய்விட்டது. சதுப்பு 2.5 மீட்டரைத் தாண்டினால் அதே வடிகால் வழியாக நீர் தெருவுக்குள் வரும். “புது வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறதே” என்ற புகாருக்குப் பல இடங்களில் காரணம் இதுதான்.

வெளிவாய் மட்டத்துக்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

ஒற்றை எண் போதாது. சென்னைக் கடற்கரையில் பெருவேற்ற நாட்களில் ஓத வீச்சு (கடல் ஏறி இறங்கும் உயரம்) சுமார் 1 மீ. புயல் நேரத்தில் அதன்மேல் புயல் அலையேற்றமும் சேரும். முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருந்தால், கடல் இறங்கினாலும் உள்ளே நீர் இறங்காது. ஆகவே குறைந்தது மூன்று நிலைகளையாவது ஓட்டிப் பாருங்கள்: மணல்திட்டு வெட்டப்பட்ட சாதாரண ஓதம், உச்ச மழையும் உச்ச ஓதமும் ஒரே மணியில் சேரும் நிலை, முகத்துவாரம் பாதி அடைத்த நிலை.

இங்கே ஒரு பொறி உண்டு. துறைமுக ஓத அட்டவணை தரும் உயரம் கடல்வரைபடத்தின் தாழ்மட்டத்திலிருந்து எண்ணப்படுவது. நில அளவையின் பெஞ்ச்மார்க் (உயரம் குறித்த நிலைப்புள்ளி) சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணப்படுவது. சென்னையில் இரண்டுக்கும் இடையே அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். திருத்தாமல் போட்டால் வெளிவாய் முழுவதும் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும். அரை மீட்டர் வீழ்ச்சியை நம்பி வாழும் ஊரில் மாதிரி அதோடு முடிந்தது.

இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு போதுமா?

வடிநில எல்லையைத் தோராயமாக வரையப் போதும். தெருவில் எத்தனை செ.மீ. நீர் நிற்கும் என்று சொல்லப் போதாது. எஸ்.ஆர்.டி.எம்., கார்ட்டோசாட் போன்ற 30 மீ. கட்டத் தரவுகளில் உயரப்பிழை சில மீட்டர்கள். வேளச்சேரியில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். அதோடு இவை கட்டட உச்சியையும் மரத்தலையையும் தரையென்று எண்ணிக்கொள்ளும். அடுக்குமாடி வளாகம் ஒரு குன்றாகத் தெரியும். கட்டடம், மரம் நீக்கப்பட்ட பதிப்புகள் சற்று மேல், அவ்வளவே.

லைடார் (வானிலிருந்து லேசரால் அளந்த உயரத் தரவு) கிடைத்தால் 1 மீ. கட்டத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், வெள்ளம் நிற்கும் தெருக்களில் மட்டும் உயரமளக்கும் கருவிகளான ஆட்டோ லெவலோ டி.ஜி.பி.எஸ்.ஸோ வைத்து 20 முதல் 25 மீ. இடைவெளியில் சாலை நடுமட்டம், வீட்டு வாசல்படி மட்டம், வடிகால் அடிமட்டம் மூன்றையும் எடுங்கள். வாசல்படியை விடாதீர்கள். சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் பல தெருக்களில் சாலை வீட்டைவிட உயரம். அங்கே நீர் சாலையில் தேங்காது, வீட்டுக்குள்தான் தேங்கும்.

வடிநில எல்லையை மென்பொருளே வரைந்துவிடுகிறதே?

அது இயற்கை நிலத்துக்கு வரையும். நகரத்தில் நீர் போகும் திசையைத் தீர்மானிப்பது சாலைக்கரை, ரயில்பாதை, மதில்சுவர், வடிகால். பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி சாலை சதுப்பின் குறுக்கே ஓடுகிறது. மாதிரிக்கு அது ஓர் அணை. அதன் அடியிலுள்ள சிறுபாலங்களை ஒவ்வொன்றாக அளந்து சேர்க்காவிட்டால் வடபுறம் ஏரியாகவும் தென்புறம் காய்ந்தும் தெரியும். சாலையே இல்லாததுபோல் உயரத் தரவில் வெட்டிவிட்டால் நேர்மாறான தவறு: நீர் தடையின்றி ஓடும். இரண்டு பிழைகளையும் ஒப்படைக்கப்பட்ட அறிக்கைகளிலேயே பார்க்கலாம்.

மழை பெய்யும்போது குடையுடன் சந்திப்புகளில் நின்று நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்வதைவிடச் சிறந்த முறை இன்னும் வரவில்லை.

எந்த மழையை ஊட்டுவது?

முதலில், சரியான இடத்து மழை. 2015 டிசம்பர் 1–2-இல் ஒரே 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. நுங்கம்பாக்கம் கணக்கை வைத்துப் பள்ளிக்கரணையைக் கணித்தால் மேல்பகுதி மழையில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போகும்.

அடுத்து, கால அளவு. தினசரி மழை காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை எண்ணப்படுகிறது. புயல் மழை இந்தக் கோட்டைத் தாண்டிப் பெய்தால் இரண்டு நாட்களாகப் பிளந்துபோகும். அதனால்தான் ஒருநாள் உச்சத்தை உண்மையான 24 மணி நேர உச்சமாக்க 1.13-ஆல் பெருக்கும் வழக்கம்.

மணிவாரித் தரவு இல்லாத இடத்தில் இந்தியாவில் கையாளும் குறுக்குவழி: 24 மணி நேர மழையை (கால அளவு ÷ 24)-இன் கனமூலத்தால் பெருக்குவது. நாளொன்றுக்கு 200 மி.மீ. என்றால் உச்ச ஒரு மணி நேரத்துக்கு சுமார் 69 மி.மீ., உச்ச 15 நிமிடத்துக்கு சுமார் 44 மி.மீ. இந்த 15 நிமிட மழையின் செறிவு மணிக்கு 175 மி.மீ. தெருவடிகாலை நிரப்புவது இந்த 15 நிமிடம். சதுப்பை நிரப்புவது மூன்று நாள் மொத்தம். ஒரே மழையால் இரண்டையும் சோதிக்க முடியாது. குறுகிய கடுமழை ஒன்று, நீண்ட வடகிழக்குப் பருவமழை ஒன்று என இரண்டு ஓட்டங்கள் தேவை.

கான்கிரீட் பரவியதால் ஓடுநீர் எவ்வளவு கூடும்?

வளைவெண் முறையில் பார்ப்போம். நிலம் மழையை எவ்வளவு உறிஞ்சாமல் ஓடவிடும் என்பதைக் காட்டும் எண் இது; எண் கூடினால் ஓடுநீர் கூடும். நிலத்தின் தேக்கத்திறன் = 25400 ÷ வளைவெண் − 254, மி.மீ.-இல். ஓடுநீர் = (மழை − 0.2 தேக்கம்)² ÷ (மழை + 0.8 தேக்கம்). திறந்த நிலத்துக்கு வளைவெண் 70, நெருக்கமான குடியிருப்புக்கு 90 என்று வையுங்கள்.

100 மி.மீ. மழையில் முதலாவது 33 மி.மீ. ஓடுநீர் தரும், இரண்டாவது 73. இரண்டு மடங்குக்கு மேல். 300 மி.மீ. மழையிலோ 200-க்கும் 269-க்கும் உள்ள வித்தியாசம், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மட்டுமே. சாதாரண மழையில் தெரு மிதப்பதற்குக் கான்கிரீட் முதல் காரணம். 2015 போன்ற பெருமழையில் நிலம் எப்படி இருந்தாலும் நீர் வரும். அப்போது கேள்வி, அந்த நீர் நிற்க இடம் எங்கே, போக வழி எங்கே என்பது. ஏரியையும் சதுப்பையும் மூடியதன் விலை அங்கேதான் தெரிகிறது.

இன்னொன்று: 70 என்ற எண் மிதமான ஈரத்துக்கு. நவம்பர் கடைசியில் மண் ஊறிக் கிடக்கும். 2015 நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. ஊறிய மண்ணுக்கு அதே 70 சுமார் 84 ஆகிவிடும். கோடைகாலக் கசிவு விகிதத்தை வைத்து டிசம்பர் வெள்ளத்தைக் கணிப்பது பரவலான தவறு.

பகுத்தறி முறைச் சூத்திரம் போதாதா?

ஓட்டம் = ஓடுநீர்க் கெழு (மழையில் ஓடுநீராகும் பங்கு) × மழைச்செறிவு × பரப்பு ÷ 360. செறிவு மணிக்கு மி.மீ.-இல், பரப்பு ஹெக்டேரில். விடை விநாடிக்குக் கன மீட்டரில். 10 ஹெக்டேர், கெழு 0.85, செறிவு 70 என்றால் 1.65 கன மீட்டர். ஒரு தெருவின் வடிகாலை அளவிட இது போதும். ஆனால் இது தருவது உச்சத்தை மட்டும். எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு, எங்கே தேங்கும் என்று சொல்லாது. பின்னோக்கி ஏறும் நீரும் ஏரியும் இதற்குத் தெரியாது. பள்ளிக்கரணை முழுமைக்கும் ஒரே கெழு போட்டு உச்ச ஓட்டம் காட்டும் அறிக்கையை அப்படியே மூடி வைத்துவிடலாம்.

எந்த மென்பொருள்?

வடிகால் வலைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எஸ்.டபிள்யூ.எம்.எம்.; ஆறு, கால்வாய், பரந்த வெள்ளத்துக்கு ஹெக்-ராஸ் இருபரிமாணம். இரண்டும் இலவசம். மைக், இன்ஃபோவொர்க்ஸ், டஃப்ளோ போன்றவை வடிகாலையும் தரைவெள்ளத்தையும் ஒன்றாக இணைத்து ஓட்டும்; உரிமத்தொகை அதிகம். மென்பொருள் தேர்வில் மாதக்கணக்கில் விவாதிப்பவர்கள் அந்த நேரத்தில் வடிகால் அடிமட்டங்களை அளந்திருக்கலாம்.

எஸ்.டபிள்யூ.எம்.எம்.-இல் எவை அதிகம் தவறாகின்றன?

ஓட்ட முறை. கைனமாட்டிக் வேவ் முறையில் பின்னேற்றம் (கீழிருந்து நீர் திரும்பி ஏறுவது) கிடையாது. சமதளக் கடலோர ஊருக்கு டைனமிக் வேவ் மட்டுமே. நேரப்படியை (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 1 முதல் 5 விநாடிக்குள் வையுங்கள்.

வெளிவாய். புதிதாக ஒன்றை வைத்தால் அது ‘தடையற்ற’ வகையாகவே பிறக்கும். மாற்ற மறந்தால் சதுப்பு எப்போதும் காலி என்று மாதிரி நம்பும். ஓதமாகவோ காலவரிசையாகவோ மாற்றி, நீர் திரும்பி வராமல் தடுக்கும் திருப்பு மூடி உண்டா இல்லையா என்பதையும் குறியுங்கள்.

பொங்கிய நீர். மேன்ஹோலிலிருந்து மேலே வழியும் நீரை, தேக்கம் அனுமதி என்று நீங்கள் சொல்லாவிட்டால், மென்பொருள் கணக்கிலிருந்தே தூக்கி எறிந்துவிடும். தெரு மூழ்கும், கீழ்வடிகால் சுகமாக இருக்கும். வெள்ளம் குறைவாகக் காட்டும் மாதிரிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அகலம். துணைப் பரப்பின் (மாதிரியில் பிரித்த ஒவ்வொரு துண்டு நிலத்தின்) அகலம் என்பது வரைபடத்தில் அளக்கும் அகலம் இல்லை. பரப்பு ÷ தரையோட்ட நீளம். 2 ஹெக்டேரில் நீர் 50 மீ. ஓடி வடிகாலை அடைகிறது என்றால் 400 மீ. இதைக் கூட்டினால் உச்சம் முந்தி, கூர்மையாக வரும், குறைத்தால் மழுங்கும்.

மற்றவை சாதாரணம்: கடினப் பரப்பின் மானிங் மதிப்பு (சொரசொரப்பைக் காட்டும் எண்) 0.011 முதல் 0.015, பள்ளத்தேக்கம் (சிறு பள்ளங்களில் நின்றுவிடும் நீர்) 1.5 முதல் 2.5 மி.மீ. இவற்றில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் தொடர்ச்சிப் பிழையை (உள்ளே வந்த நீருக்கும் கணக்கில் காட்டிய நீருக்கும் உள்ள வித்தியாசம்) பாருங்கள்: 2 சதவீதத்துக்குள் நல்லது, 10-ஐத் தாண்டினால் அந்த முடிவைத் தொடாதீர்கள். குட்டையான குழாய்களும் அளவுக்கு மீறிய நேரப்படியும்தான் வழக்கமான காரணங்கள்.

வடிகாலில் உள்ள மண்ணைச் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். 1.2 மீ. அகல வடிகால், 0.9 மீ. ஆழ ஓட்டம், 1:1000 சரிவு, மானிங் 0.015. திறன் விநாடிக்கு 1.15 கன மீட்டர். அடியில் 30 செ.மீ. வண்டல் படிந்து, சொரசொரப்பு 0.020 ஆனால் 0.51. ஆழத்தில் மூன்றில் ஒன்று போனது. திறனில் பாதிக்கு மேல் போனது. முன்னே பார்த்த 10 ஹெக்டேரின் 1.65-ஐ இந்த வடிகால் புதிதாக இருந்தபோதே தாங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். தூர்வாரிய நிலை, நவம்பர் நடுவில் உள்ள நிலை என்று இரண்டையும் ஓட்டுங்கள். ஒப்பந்தக்காரர் காட்டும் படம் முதலாவதின் படம்.

உள்வாய்களும் அப்படியே. பிளாஸ்டிக் உறையும் இலையும் அடைத்த கம்பிவலை வழியாக நீர் இறங்காது; வடிகால் பாதி காலியாக இருக்கும்போதே சாலை நிரம்பும். உள்வாய்த் திறனில் பாதியை அடைப்புக்கு ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவது பிழையாகாது.

ஏரிகளை எப்படிக் காட்டுவது?

தேக்கக் கணுவாக, அதாவது நீரைப் பிடித்துவைக்கும் புள்ளியாக. மட்டத்துக்கு ஏற்பப் பரப்பு எவ்வளவு என்ற அட்டவணையும், கலங்கலின் (ஏரி நிரம்பி வழியும் இடம்) நீளமும் உச்சிமட்டமும், மதகின் அளவும் வேண்டும். கலங்கல் வழியும் ஓட்டம் சுமார் 1.7 × நீளம் × (உச்சிக்கு மேல் உயரம்)^1.5. 20 மீ. கலங்கலில் 30 செ.மீ. வழிந்தால் விநாடிக்கு 5.6 கன மீட்டர், 50 செ.மீ. என்றால் 12. இருபது செ.மீ.க்குள் ஓட்டம் இரட்டிப்பாகிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலியாக உள்ள ஏரிகளில் மேலே உள்ளது வழியத் தொடங்கியதும் கீழே உள்ளதன் கணக்கு மாறும். இந்தச் சங்கிலியை நம் முன்னோர் கட்டியது பாசனத்துக்கு; இன்று வயல் போய், கலங்கல் நீர் வரும் வாய்க்காலில் தெரு இருக்கிறது. வாய்க்கால் கிராம வரைபடத்தில் இருக்கும், நிலத்தில் இருக்காது. மாதிரியில் நிலத்தில் உள்ளதையே போடுங்கள்.

தொடக்க மட்டத்தைக் காலி என்று விடுவது கேலிக்குரிய பிழை, ஆனால் அடிக்கடி நிகழ்கிறது. டிசம்பரில் ஏரி கலங்கல் மட்டத்தில் இருக்கும் என்றே தொடங்குங்கள்.

ஓட்டமானி எதுவும் இல்லை. மாதிரியை எப்படிச் சரிபார்ப்பது?

சுவரைப் பார்த்து. வெள்ளம் வடிந்தபின் சுவரில் நிற்கும் பழுப்புக்கோட்டைத் தரையிலிருந்து அளந்து, அந்தத் தரையைப் பெஞ்ச்மார்க்குடன் இணையுங்கள். “இடுப்பளவு” என்ற சொல் தரவு அல்ல. “கேட் கீலுக்கு இரண்டு விரல் மேலே” தரவு. நேரம் வேண்டுமானால் கைப்பேசிப் படங்களும் சிசிடிவியும் உண்டு. வாட்ஸப்பில் வந்த படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்திருக்கும். எடுத்தவரிடம் மூலக்கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

ஒரு வெள்ளத்தில் அளவுருக்களைத் திருத்தி, இன்னொன்றில் கைவைக்காமல் சோதிக்க வேண்டும். 2015 டிசம்பரும், மிக்ஜாம் புயலின் 2023 டிசம்பரும் நல்ல இணை. ஆனால் இடையே கட்டிய வடிகாலையும் உயர்த்திய சாலையையும் தனித்தனியாக இரு வடிவங்களில் வைத்திருங்கள். ரேடார் செயற்கைக்கோள் படம் திறந்த சதுப்பில் நீர்ப்பரப்பைக் காட்டும். கட்டட நெருக்கத்தில் சுவரிலும் நீரிலும் எதிரொலித்து ஏமாற்றும்.

கணித்த மட்டம் சுவர்க்கோட்டிலிருந்து 15 செ.மீ.க்குள் வந்தால் மகிழலாம். கசிவு விகிதத்தை நம்பமுடியாத அளவுக்கு முறுக்கினால்தான் பொருந்துகிறது என்றால், விடுபட்டது ஒரு சிறுபாலமோ வெளிவாய் மட்டமோதான்.

‘நூறாண்டு வெள்ளம்’ வந்துபோனால் இனி நூறு ஆண்டு நிம்மதியா?

இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது வர 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் காலத்தில் ஒருமுறையாவது வர 26 சதவீதம். ஐம்பதாண்டு வெள்ளத்துக்கு அதே காலத்தில் 45 சதவீதம்.

அபாய வரைபடத்தில் ஆழம் மட்டும் காட்டினால் போதாதா?

வேகமும் வேண்டும். ஆழத்தை (மீட்டரில்) வேகத்தால் (விநாடிக்கு மீட்டரில்) பெருக்கிய எண்ணை ஆஸ்திரேலிய நெறிமுறைகள் பயன்படுத்துகின்றன: சிறுவர்களுக்கு 0.4-ஐத் தாண்டினால் ஆபத்து. சிறிய காருக்கு 0.3, அல்லது நிற்கும் நீரிலேயே 30 செ.மீ. ஆழம். வேளச்சேரியில் வேகம் குறைவு, ஆழமும் நாட்களும் அதிகம். ஆகவே எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற மூன்றாவது வரைபடமும் இங்கே தேவை. மின்மாற்றி, மருத்துவமனை, பம்பு நிலையம் இவற்றின் தரைமட்டத்தை அதன்மேல் குறியுங்கள்.

பெரிய வடிகால், பூங்காக் குளம், மோட்டார் – எது உதவும் என்று மாதிரி சொல்லுமா?

ஓட்டும் முன்பே கைக்கணக்குப் பாதி சொல்லும். 1 சதுர கி.மீ. மேல் 100 மி.மீ. மழை என்பது 1 லட்சம் கன மீட்டர். 8,000 சதுர மீட்டர் பூங்காக் குளம் 2 மீ. ஆழத்தில் 16,000 பிடிக்கும்; மாலைநேர மழைக்கு நல்ல தீர்வு, புயலுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். அந்த 1 சதுர கி.மீ. முழுவதும் 30 செ.மீ. நீர் தேங்கினால் 3 லட்சம் கன மீட்டர். மணிக்கு 500 கன மீட்டர் இறைக்கும் பத்து மோட்டார்கள் இடைவிடாமல் ஓடினாலும் 60 மணி நேரம். அதுவும் இறைத்த நீர் வேறு வழியாகத் திரும்பி வராவிட்டால்.

வடிகாலைப் பெரிதாக்கும் திட்டத்தைச் சோதிக்கும்போது வெளிவாய் மட்டத்தை மூன்று நிலைகளிலும் மாற்றி ஓட்டுங்கள். தாழ்ந்த மட்டத்தில் மட்டும் பலன் தெரிந்தால், அந்தப் பணம் ஒக்கியம் மடுவைத் தாண்டி, பக்கிங்ஹாம் கால்வாயின் ஆகாயத்தாமரையிலும் முகத்துவார மணலிலும் செலவாக வேண்டிய பணம். மேலே ஒரு பகுதியின் வடிகாலை அகலமாக்கியதால் கீழே அடுத்த பகுதியில் எத்தனை செ.மீ. கூடுகிறது என்பதையும் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்து ஒப்படையுங்கள்; யாரும் கேட்க மாட்டார்கள், கீழே இருப்பவர்களைத் தவிர.